முப்பது கஜம்

வேட்டை சிலருக்கு ரத்தத்தில் வரும். எனக்கு பர்சேஸ் ஆர்டரில் வந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் கம்பெனியைத் திட்டுவார், கம்பெனி பையரைத் திட்டும், இரண்டும் என் வழியாகத்தான் போய்வரும். அப்படி ஒரு அமெரிக்க பையர் ஒரே வருஷத்துக்கு இரண்டு புரோகிராம் அனுப்பினார். ஒன்று செப்டம்பரில் காட்டுக்குப் போகும் வில் வேட்டைக்காரர்களுக்கு. இன்னொன்று அக்டோபர், நவம்பரில் போகும் துப்பாக்கி வேட்டைக்காரர்களுக்கு. இரண்டு பேரும் போவது கொலராடோ மலைக்காட்டுக்குத்தான். தேடுவதும் ஒரே மிருகத்தை, எல்க் என்கிற பெரிய மானை. ஆனால் ஒருத்தர் போடுகிற துணியை இன்னொருத்தர் தொடக்கூட மாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டெக் பேக் என்கிற விவரக் கோப்பை மேலும் கீழும் புரட்டிவிட்டு ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று மெயில் தட்டினேன். ஒன்றும் விளங்காதபோது நான் அனுப்பும் மெயில் அது.

முதல் அடி மானின் தலையிலேயே விழுந்தது. டீ-ஷர்ட்டின் நெஞ்சில் எல்க் தலை பிரிண்ட் வர வேண்டும். பையர் அனுப்பிய படம் மங்கல். டிசைனர் தம்பி, “எல்க்குன்னா என்னங்ணா?” என்றான். “கடமான்தான்டா. நம்ம உடுமலைக் காட்டுல நிக்குமே, அதேதான்” என்றேன். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இலங்கையில் வெள்ளைக்காரர்கள் கடமானை எல்க் என்றே அழைத்தார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1850களில் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எல்க் துரத்தல்தான். நாய்க்கூட்டத்தை ஏவி, ஓடைக்குள் மடக்கி, கத்தியால் குத்துவார். அரைகுறையாகப் படித்த புத்தகமும் படிக்காத டெக் பேக்கும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? தம்பி ஆனைமலைக் கடமான் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மயிர்க்கால் தெரிகிற மாதிரி வரைந்துவிட்டான்.

கடமான் கொம்பில் பக்கத்துக்கு மூன்று முனை. நன்றாக வளர்ந்த ஆண் எல்க்குக்குப் பக்கத்துக்கு ஆறு. இது எனக்குத் தெரிய வந்தபோது பிரிண்டிங் முடிந்திருந்தது. “இந்த மிருகத்தை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை” என்று பையரிடமிருந்து ஒற்றை வரி வந்தது. ரிஜெக்ட் ஆன லாட் வழக்கம்போல காதர்பேட்டைச் சந்தைக்குப் போனது. கொஞ்ச நாள் திருப்பூர் வீதிகளில், ‘கொலராடோ’ என்று எழுதிய பனியன்களில், உடுமலைக் கடமான் பெருமையாக நடமாடியது.

அடுத்தது ஆரஞ்சு. துப்பாக்கி சீசனில் காட்டுக்குள் போகிறவர் தொப்பியோடு சேர்த்து, இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலத்துக்கு ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ போட்டிருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. இலை தழை டிசைன் போட்ட ஆரஞ்சு செல்லாது, முழு நிறமாக இருக்க வேண்டும். நான் நூறு சதவீதப் பருத்தியில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பூர்க்காரன் பருத்தியை விட்டுக்கொடுக்கலாமா? சாயப்பட்டறை மாஸ்டர் லேப் டிப் என்கிற சாயச் சாம்பிளைப் பார்த்ததுமே சொன்னார்: “ஆரஞ்சு வருமுங்க. ஜொலிக்கிற ஆரஞ்சு பருத்தியில வராதுங்க. அதுக்கு பாலியெஸ்டர் வேணும்.” பாலியெஸ்டருக்கான சாயங்களில்தான் அந்தக் கண்ணைக் குத்தும் ஜொலிப்பு பிடிக்கும். பருத்தியில் அதைக் கொண்டுவரப் பிக்மென்ட்டை ஒட்ட வேண்டும், நாலு சலவையில் உதிர்ந்துவிடும். நான் கேட்கவில்லை. வந்து சேர்ந்தது சாந்தமான காவி. அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனால் யாரும் சுடமாட்டார்கள் என்பது என்னவோ நிஜம், பந்தியில் உட்காரச் சொல்லி இலை போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு ஆரஞ்சையும் மான் பார்க்காதா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. பார்க்காது. நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டு வகைதான். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கிப்போன ஏதோ ஒரு நிறம். ஆக, அந்த ஆரஞ்சு மானுக்காக இல்லை, இன்னொரு துப்பாக்கிக்காரருக்காக. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர், ஆளை மான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கான கவசம் அது. துப்பாக்கி வேட்டையில் மனிதன் பயப்படுவது மனிதனுக்குத்தான்.

வில் வேட்டைக்காரருக்கு அந்தப் பயம் குறைவு. அவர் பயமெல்லாம் மான் மேல். அதனால் உடம்பு முழுக்க இலை தழை டிசைன். அந்த ஹூடியைத்தான் என் ஆயுள் சாதனை என்று நினைத்திருந்தேன். ஃபிளீஸ் துணியில் ரைசிங் அடித்து, பூப்போல மெத்தென்று வந்திருந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த குவாலிட்டி ஆள் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லைட் பாக்ஸில் வைத்து, மற்ற விளக்கையெல்லாம் அணைத்து, யுவி ஸ்விட்சைத் தட்டினார். கறுப்புப் பெட்டிக்குள் என் ஹூடி நீலமாகப் பளபளத்தது. இலைக்கும் தழைக்கும் நடுவே இருந்த வெளிர் நிறமெல்லாம் எரிந்தது. ஒரு கிளை விடாமல் எண்ணிவிடலாம்.

பிரிண்டுக்கு முன்னால் துணியை வெளுக்கும்போது ஓபிஏ என்கிற வெண்மையூட்டி போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும் சரக்கு அது. வெள்ளை வேட்டி வெள்ளைவெளேரென்று இருப்பதன் ரகசியமும் அதுதான். மானின் கண் மங்குவது சிவப்புப் பக்கம்தான், நீலத்திலும் புற ஊதாவிலும் நம்மைவிடக் கூர்மை. நாங்கள் மறைந்துகொள்ளத் தைத்துக் கொடுத்தது மானுக்கு விளம்பரப் பலகை. “ஏனுங்ணா, வெள்ளை பளிச்சுன்னு இருந்தா நல்லதுதானுங்களே?” என்று பட்டறைக்காரர் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. டெக் பேக்கின் மூன்றாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் ‘வெண்மையூட்டி கூடாது’ என்று இருந்தது. நான் எப்போதும் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவன்.

அதே பக்கத்தில் இன்னும் சில இருந்தன. மணமுள்ள சாஃப்ட்னர் கூடாது. வெல்க்ரோ கூடாது. இன்னொரு ஜாக்கெட் சாம்பிளுக்கு ‘துணி சத்தம் போடுகிறது’ என்று கமென்ட் வந்திருந்தது. இருபது வருஷமாக ஜிஎஸ்எம் பார்த்திருக்கிறேன், ஷ்ரிங்கேஜ் பார்த்திருக்கிறேன். துணியைக் காதில் வைத்துக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். சட்டைக் கையையும் பக்கவாட்டையும் காதோரம் உரசினால், சரசரவென்று மெல்லிய சத்தம் வரத்தான் செய்தது. கேபினுக்குள் வந்த முதலாளி, நான் கண்ணை மூடி ஜாக்கெட்டோடு ரகசியம் பேசுவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். இன்க்ரிமென்ட் மாசத்தில் இப்படிப்பட்ட காட்சிகளைத் தவிர்ப்பது நல்லது.

இத்தனை கெடுபிடியும் எதற்கு? முப்பது கஜத்துக்கு. துப்பாக்கிக்காரர் இருநூறு முந்நூறு கஜம் தள்ளி நின்று வேலையை முடிக்கலாம். வில்லாளி முப்பது நாற்பது கஜத்துக்குள் போயாக வேண்டும். அந்தத் தூரத்தில் மானுக்கு உங்கள் வாசனை தெரியும், துணி உரசுவது கேட்கும், கண் சிமிட்டுவதுகூடத் தெரியலாம். இதில் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இன்றைய வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியோ 340 மீட்டர். நாண் அதிர்கிற சத்தம் முதலில் மானை அடைகிறது, அம்பு அதற்கப்புறம்தான் வருகிறது. இடைப்பட்ட கால் நொடியில் மான் குனிந்து பாயத் தயாராகிவிடும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். ரைபிள் குண்டு 900 மீட்டர் வேகத்தில் வரும். குண்டு மானைத் தொட்ட பிறகுதான் அதன் சத்தம் வந்து சேரும். துப்பாக்கி ஒலியை முந்துகிற கருவி, வில் ஒலியிடம் தோற்கிற கருவி. எப்போதும் மெயில் போய்ச் சேர்ந்த பிறகே அட்டாச்மென்ட்டை நினைத்துக்கொள்கிற எனக்கு, வில்லின் பக்கம் மனசு சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் இன்றைய வில் வேட்டை மோகத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர், தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரு பூர்வகுடி மனிதர். 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குள் பசியோடு வந்து நின்ற யாஹி இனத்தவரான அவரை இஷி என்று அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயில் இறந்துபோனார். 1923இல் போப் எழுதிய புத்தகம் வெள்ளைக்காரர்கள் கையில் வில்லைக் கொடுத்தது. வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் தின்னமாட்டார், புகைக்கமாட்டார். விடிந்ததும் ஓடையில் குளித்து, மணமுள்ள இலையைத் தேய்த்துக்கொள்வார். மூன்றாம் பக்கத்துச் சின்ன எழுத்தெல்லாம் அந்த மனிதர் உடம்பிலேயே எழுதி வைத்திருந்த டெக் பேக்.

இதையெல்லாம் படித்துப் படித்து எனக்கும் வில் ஆசை தொற்றிக்கொண்டது. வேட்டையை நினைக்கவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது லைசென்ஸ் வாங்கிச் சில மிருகங்களை வேட்டையாட இடமிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. வில்லானாலும் சரி, துப்பாக்கியானாலும் சரி, சட்டத்தின் முன் இரண்டும் ஒன்று. அமெரிக்காவில் அப்படி இல்லை. தேசத்தின் நிலத்தில் கால் பங்குக்கு மேல், சுமார் 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் பொது நிலம். அதில் பெரும்பகுதியில் டேக் என்கிற அனுமதிச் சீட்டோடு கூலிக்காரரும் போகலாம், கோடீஸ்வரரும் போகலாம். நம்மூரில் பொது நிலம் என்றால் பட்டா கேட்டு மனு கொடுக்கிற இடம்.

ஆகவே மைதானம்தான் கதி. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வில்வித்தை வகுப்பு நடந்தது. என் சகமாணவர்களுக்குச் சராசரியாகப் பத்து வயது. முதல் நாள் பத்து மீட்டர் தூரத்தில், ஒரு சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு இருந்த இலக்கைப் பார்த்து, இதை விடுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அந்தக் கஷ்டமான காரியம் எனக்குச் சுலபமாக வந்தது. அம்புகள் வரிசையாக இடது பக்கம் புல்லில் போய்ச் செருகின. கோச் என் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “சார், உங்களுக்கு வலது கைப் பழக்கம், ஆனா இடது கண்தான் முந்துது” என்றார். மெஷர்மென்ட் சார்ட்டில் நான் ஏன் எப்போதும் பக்கத்து வரியைப் படிக்கிறேன் என்பதற்கு விளக்கம் கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கண் டாக்டர் பிற்பாடு சொன்னார்.

நாண் தீர்த்துக்கொண்ட பழி வேறு. முழங்கையை உள்ளே மடக்கிப் பிடித்தால், விட்ட நாண் முன்கையை அறைந்துவிட்டுத்தான் போகும். கைக்கவசம் கட்டச் சொன்னார்கள், சட்டைக் கை முழுசாக இருக்கிறதே என்றேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு, கன்றிக் கறுத்த கையோடு போனேன். செக்கிங் பெண்கள் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று பேசிக்கொண்டார்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும் நேரில் கேட்டார். வில் என்றேன். “பையரை அடிக்கவா சார்? அதுக்கெல்லாம் வில்லு பத்தாதுங்க” என்றார்.

பக்கத்தில் நின்று எய்த ஒரு சின்னப் பெண் எனக்கு வகுப்பின் சாரத்தைச் சொன்னாள். “அங்கிள், விட்டதும் அம்பு எங்க போகுதுன்னு எட்டிப் பார்க்கறீங்க. அதான் கை ஆடுது. போனா போகட்டும்னு அப்படியே நில்லுங்க.” ஷிப்மென்ட் கப்பல் ஏறிய பிறகும் ராத்திரி எழுந்து டிராக்கிங் பார்க்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? கொல்லிமலை ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு என ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு சொல்கிறது. அதே கொங்கு நாட்டில், ஒரே இலக்கை நோக்கி எடுத்த அம்புகளை மைதானத்தின் ஐந்து மூலைகளுக்கு அனுப்பிய பெருமை எனக்கு உண்டு.

மனம் நொந்து துப்பாக்கிக்குத் தாவினேன். காலிபர் 0.177க்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கோவைப் பக்கம் ஒரு ரேஞ்சில் பத்து மீட்டர் தூரத்தில் நிற்கவைத்தார்கள். முதல் கார்டிலேயே எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள். வில் என்னை எத்தனை வாரம் கெஞ்சவிட்டது, துப்பாக்கி வந்த அன்றே மாப்பிள்ளை மரியாதை கொடுக்கிறதே என்று பூரித்துப்போனேன். கோச் கார்டை வெளிச்சத்தில் காட்டினார். “பத்து மார்க் எதுன்னு தெரியுதா சார்?” தெரியவில்லை. அரை மில்லிமீட்டர் புள்ளி அது. அதைத் துளைக்கிற குண்டே 4.5 மில்லிமீட்டர். ஒலிம்பிக் வில்வித்தையில் 70 மீட்டரில் பத்து மார்க் வட்டத்துக்கு 12.2 சென்டிமீட்டர் விட்டம். கருவி சுலபமாகிவிட்டால் இலக்கைச் சின்னதாக்கி அதைச் சமன் செய்துவிடுகிறார்கள். பிறகு பார்த்தால், சைட்டுக்குள் என் இதயம் துடிப்பதே தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் துப்பாக்கி முனை ஒரு குதி குதித்தது. காலையில் குடித்த இரண்டு காபியையும் இலக்கில் எண்ணிவிடலாம்.

தேசமே இந்த விஷயத்தில் என்னைப் போல்தான் என்பது ஓர் ஆறுதல். அர்ஜுனனையும் ஏகலைவனையும் கதையாகக் கேட்டு வளர்ந்த நாட்டுக்கு, ஒலிம்பிக் வில்வித்தையில் இன்றுவரை ஒரு பதக்கம் இல்லை. 2024 பாரீஸில் கலப்பு அணி நான்காமிடத்தில் நின்றது. அதே பாரீஸில் துப்பாக்கி மூன்று வெண்கலம் கொண்டுவந்தது, 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளியில்தான் விழுந்தது.

கருவி இரண்டும் கைவிட்ட பிறகு, வெறுங்கையோடு அந்த முப்பது கஜத்தையாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உடுமலையிலிருந்து மூணாறு பஸ். அமராவதி பிரிவைத் தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதைக் கடந்து, கேரள எல்லையில் சின்னாறு. அங்கே வனத்துறை அனுமதியோடு, மலைவாழ் மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வர, காட்டுக்குள் நடக்கலாம். நான் வெண்மையூட்டி போடாத ஹூடி சாம்பிளைப் போட்டுக்கொண்டேன். வாசனை சோப்புப் போடவில்லை. வழிகாட்டி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், சட்டையெல்லாம் சரி. தலையில என்ன எண்ணெய்?” என்றார். மல்லிகை வாசத் தேங்காய் எண்ணெய். மூன்றாம் பக்கம் மறுபடியும் என்னை ஜெயித்துவிட்டது.

அவர் காற்றைப் பார்த்து நடந்தார். ஒரு பிடி மண்ணை நுணுக்கி மெல்ல விடுவார், தூசி போகிற திசையைப் பார்ப்பார், பாதையை மாற்றுவார். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் ஊன்றி, கீழே சுள்ளி இல்லை என்று தெரிந்த பிறகே எடையை இறக்குவார். அவர் நடந்தது எனக்கே கேட்கவில்லை, நான் நடந்தது மறையூர் வரை கேட்டிருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் கடமான் ஒன்று நின்றது. கொம்பில் மூன்று முனை. காதர்பேட்டைக்குப் போன என் டிசைன் உயிரோடு வந்து நின்ற மாதிரி இருந்தது. எழுபது கஜம் இருக்கும். இன்னும் பாதி கிட்டே போகலாம் என்று அவர் சைகை காட்டினார். நான் ஓர் அடி வைத்தேன். ‘டொங்க்’ என்று மணி அடித்ததுபோல ஒரு கூப்பாடு, வால் தூக்கி ஒரு பாய்ச்சல். புதர் மூடிக்கொண்டது. “உங்க ஃபோன் சார்” என்றார். பாக்கெட்டுக்குள் வைப்ரேட் ஆகிக்கொண்டிருந்தது. ஃபேப்ரிக் இன்னும் இன்ஹவுஸ் ஆகவில்லையாம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. முப்பது கஜம் கிட்டே போகும் வித்தை இந்த மனிதரிடம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களின் மரபுரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி ஏற்றுக்கொண்டது. பாரம்பரிய வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. காடு பிழைக்க அது வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. அமெரிக்காவில் 1937 முதல் வேட்டைத் துப்பாக்கிக்கும் குண்டுக்கும், 1972 திருத்தத்தால் வில்லுக்கும் அம்புக்கும் விதித்த வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. நாம் வேட்டைக்குக் கடிவாளம் போட்ட அதே 1972. அவர்கள் வேட்டைக்காரரின் காசில் மானைக் காக்கிறார்கள், நாம் வேட்டையை நிறுத்தி மானைக் காக்கிறோம். இரண்டு ஏற்பாட்டிலும் மான் பிழைத்திருக்கிறது. நம் ஏற்பாட்டில் அந்த வித்தை மட்டும், மல்லிகை எண்ணெய் தடவிய மெர்ச்சண்டைசர்களுக்கு வழிகாட்டிக் கழிகிறது.

என் தோல்வி வரலாற்றின் உச்சம் மாமாவின் தோட்டத்தில் நடந்தது. உடுமலைக்குத் தெற்கே, காப்புக்காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மக்காச்சோளம் போட்டிருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். மாமாவின் பன்றிகள் இரண்டாம் கிலோமீட்டரில் மேய்கின்றன. “இன்னொரு கிலோமீட்டர் தள்ளி வந்து தின்னச் சொல்லு மாப்ளே, உன் இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டு” என்றார். பிறகு, “வில்லு பழகறயாமே, ஒண்ணு வெக்கறயா?” என்றார். சட்டத்தைச் சொன்னேன். என் குறியைப் பற்றிச் சொல்லவில்லை.

காவலுக்காவது உதவலாம் என்று ஒரு ராத்திரி பரணில் இடம் கேட்டேன். அது உனக்குச் சரிப்படாது என்று வரப்போரத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுக் கொடுத்தார். டார்ச் இருந்தது, பட்டாசு இருந்தது, ஃபிளாஸ்கில் டீ இருந்தது. எல்லாவற்றையும் விட முக்கியமான தூக்கமும் இருந்தது. கடக்முடக்கென்று கதிர் ஒடிகிற சத்தத்தில் விழித்தேன். கட்டிலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே முப்பது கஜம்கூட இல்லை. சின்னாறு வரை அலைந்தும் கிடைக்காத தூரம், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது தானாக நடந்து வந்திருந்தது. டார்ச் கையில் சிக்கவில்லை. சிக்கியது செருப்பு. எறிந்தேன். முந்துகிற இடது கண்ணின் கைங்கரியத்தில் அது பம்ப்செட் கூரைமேல் போய் விழுந்தது. பன்றிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தின்று முடித்த பிறகே கிளம்பின.

இந்தக் கதையை வக்கீல் நண்பன் ஒருவனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “வேட்டைன்னா கொல்றது மட்டும்னு நினைச்சுக்கிட்டிருக்கியா? சட்டத்துல வேட்டைக்கு விளக்கம் படிச்சிருக்கியா?” என்றான். அதையும் நான் படித்திருக்கவில்லை. கொல்வதோடு, அதற்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டையிலேயே சேர்த்தி. பட்டதா, படவில்லையா என்று சட்டம் கேட்பதில்லை. “அது கொல்ல இல்லப்பா, விரட்ட” என்றேன். “மிருகத்தை ஓட்டுறதும் அந்தப் பட்டியல்ல வருது. செருப்பு பம்ப்செட் மேல விழுந்தது உன் அதிர்ஷ்டம். பம்ப்செட்டைத்தான் குறி வெச்சேன்னு சொல்லிக்கலாம்” என்றான்.

யோசித்துப் பார்த்தால் இதில் எனக்கு ஒரு கௌரவமும் இருக்கிறது. எங்கள் தொழிலில் முயற்சிக்கு மதிப்பே கிடையாது. கப்பல் ஏறினால் ஷிப்மென்ட், ஏறாவிட்டால் ஏர் ஃபிரெய்ட், செலவு என் தலையில். வில்வித்தை வகுப்பிலும் புல்லில் குத்திய அம்புக்கு மார்க் கிடையாது. குறி தவறியவனையும் குறி தப்பாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, நீயும் வேட்டைக்காரன்தான் என்று ஒப்புக்கொள்கிற பெருந்தன்மை அந்த 1972 சட்டத்துக்குத்தான் இருக்கிறது. அந்தப் பட்டத்தை வாங்கப் பல வருஷம் உள்ளே உட்கார வேண்டியிருக்கும் என்பதால், இப்போதைக்கு டெக் பேக்கின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் பக்கமும் உண்டாம், கட்டிங் மாஸ்டர் சொல்கிறார்.